ஹெவி ராக் வழியில் ஒரு முதல் ஆல்பம்: வாசகர் கேள்வி – பதில்

பழைய ஹெவி ராக் இசையை முன்மாதிரியாகக் கொண்டு முதல் ஆல்பம் வெளியிட முனையும் பெங்களூரு இளைஞர்களைப் பற்றிச் சென்ற இதழில் சில வரிகள் எழுதியிருந்தோம். அதைத் தொடர்ந்து வந்த கடிதங்களிலிருந்து தேர்ந்தெடுத்தவை இங்கே.

கேள்வி: நாங்கள் நால்வர். பகலில் அலுவலகம், சனி ஞாயிறுகளில் ஜாம் ரூம் என்னும் ஒத்திகை அறை. பிளாக் சாபத், லெட் செப்பலின், டீப் பர்ப்பிள் என்று பழைய பிரிட்டிஷ் குழுக்களைக் கேட்டு வளர்ந்தவர்கள். எட்டுப் பாடல்களோடு முதல் ஆல்பத்தைப் பதிவுசெய்ய இருக்கிறோம். கேட்டவர்கள் எல்லோரும், “நல்லாத்தான் இருக்கு, ஆனா ஏற்கெனவே கேட்ட மாதிரியும் இருக்கு” என்கிறார்கள். முன்னோரைப் பின்பற்றுவதற்கும் நகல் எடுப்பதற்கும் எல்லை எங்கே இருக்கிறது?
– ஒரு வாசகர், அல்சூர்

பதில்: நீங்கள் குறிப்பிடும் முன்னோரே சுத்த சுயம்புவாக வந்தவர்கள் அல்லர் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். 1969 ஜனவரியில் வெளிவந்த லெட் செப்பலினின் முதல் ஆல்பத்தில் இரண்டு பாடல்கள் சிகாகோ புளூஸ் இசைஞர் வில்லி டிக்சன் எழுதியவை. அதே ஆல்பத்தில் குழுவின் கிட்டார் கலைஞர் ஜிம்மி பேஜின் பெயரில் மட்டும் வெளியான ஒரு நீண்ட பாடல், ஜேக் ஹோம்ஸ் என்பவர் 1967-இல் பாடியதிலிருந்து பிறந்தது என்று 2010-இல் வழக்குத் தொடரப்பட்டு, அது சமரசத்தில் முடிந்த பிறகு, பின்னாளைய வெளியீடுகளில் ஹோம்ஸின் பெயரும் சேர்க்கப்பட்டது. 1970 பிப்ரவரி 13 அன்று வெளிவந்த பிளாக் சாபத்தின் முதல் ஆல்பத்திலும் பிறர் பாடல்கள் இரண்டு உண்டு. ஆகவே கடன் வாங்குவது குற்றமன்று. எதைக் கடன் வாங்குகிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

பிளாக் சாபத்தின் டோனி ஐயோமியை எடுத்துக்கொள்ளுங்கள். பர்மிங்காமில் தகடு வெட்டும் தொழிற்சாலையில் வேலை பார்த்த அவர், பதினேழு வயதில், வேலையைவிட்டு நிற்கவிருந்த கடைசி நாளில், வலது கையின் நடுவிரல், மோதிரவிரல் ஆகிய இரண்டின் நுனிகளையும் இயந்திரத்தில் பறிகொடுத்தார். அவர் இடக்கைப் பழக்கமுள்ளவர் என்பதால் தந்திகளை அழுத்த வேண்டிய விரல்கள் அவைதாம். பிளாஸ்டிக் புட்டியொன்றை உருக்கி விரல் நுனிக்கு உறை செய்து, அதன்மேல் தோல் ஒட்டி, தடித்த தந்தியை அழுத்த முடியாததால் பாஞ்சோ தந்தி போன்ற மெல்லிய தந்திகளைப் பூட்டி வாசித்தார். 1971-இல் வந்த மூன்றாம் ஆல்பத்தில் சுருதியையே ஒன்றரைக் கட்டை இறக்கிக்கொண்டார். தந்தி தளர்ந்தது, விரலுக்கு வலி குறைந்தது, ஒலியோ பாதாளத்துக்குப் போயிற்று. இன்று உலகெங்கும் ஆயிரக்கணக்கான குழுக்கள் சுருதியை இறக்கி வாசிக்கின்றன. அவர்களுக்கு விரலில் காயம் ஏதுமில்லை. காரணத்தை விட்டுவிட்டு விளைவை மட்டும் எடுத்துக்கொள்ளும்போதுதான் கேட்பவருக்கு ‘ஏற்கெனவே கேட்டது’ என்ற எண்ணம் எழுகிறது.

இந்த நூற்றாண்டில் உங்கள் வழியில் நடந்தவர்கள் சிலரைப் பார்க்கலாம். இங்கிலாந்தின் தி டார்க்னஸ் 2003-இல் வெளியிட்ட முதல் ஆல்பம் அந்நாட்டில் முதலிடம் பிடித்தது. பழைய பாணியின் பகட்டையே நகைச்சுவையாக ஆக்கிக்கொண்டு அவர்கள் தப்பித்தார்கள், ஆனால் அந்த வேடிக்கை இரண்டாம் முறை அவ்வளவாகச் செல்லுபடியாகவில்லை. ஆஸ்திரேலியாவின் உல்ஃப்மதர் 2005-இல் வந்தது. ரிஃப் என்று சொல்லப்படும் அந்தத் திரும்பத் திரும்ப வரும் கிட்டார் சொற்றொடர்களைச் செதுக்குவதில் அவர்களுக்கு உண்மையான கைத்திறன் இருந்ததால், கடன் தெரிந்தாலும் உறுத்தவில்லை. அமெரிக்காவின் மிஷிகன் மாநிலத்திலிருந்து வந்த கிரெட்டா வான் ஃப்ளீட், 2018 அக்டோபரில் முழுநீள முதல் ஆல்பத்தை வெளியிட்டபோது, லெட் செப்பலினின் நிழல் என்று விமர்சகர்கள் கடுமையாகத் தாக்கினார்கள். அதற்கு முன் வந்த அவர்களுடைய சிறு தொகுப்போ 2019-இல் சிறந்த ராக் ஆல்பத்துக்கான கிராமி விருதைப் பெற்றது. என் அபிப்பிராயத்தில் அவர்களுடைய சிக்கல் கிட்டாரில் இல்லை, குரலில் இருந்தது. கேட்பவர் ஒரு கிட்டாரை இன்னொரு கிட்டாராக மன்னித்துவிடுவார். ஒரு குரலை இன்னொருவர் குரலாக மன்னிக்கமாட்டார்.

அப்படியென்றால் எதைத்தான் எடுத்துக்கொள்வது? இரண்டைச் சொல்வேன். முதலாவது, தாளம். ஹெவி ராக்கைப் பின்பற்றுகிறவர்கள் பெரும்பாலும் கிட்டாரை மட்டும் உற்றுக் கேட்கிறார்கள். பிளாக் சாபத்தின் டிரம்ஸ் கலைஞர் பில் வார்ட், ஜீன் க்ரூப்பா போன்ற ஜாஸ் வாத்தியக்காரர்களைக் கேட்டு வளர்ந்தவர். அவ்வளவு கனமான ரிஃப்புக்கு அடியிலும் அவருடைய கை துள்ளிக்கொண்டே இருக்கும், அடி சற்றுப் பிந்தி விழும். அந்தத் துள்ளலை எடுத்துவிட்டால் மிஞ்சுவது வெறும் பாரம்தான். அடுத்த முறை ஜாம் ரூமில் கிட்டார்காரரை உட்காரவைத்துவிட்டு, பேஸ் கிட்டாரும் டிரம்ஸும் மட்டும் ஒரு பாடலை முழுக்க வாசிக்கட்டும். அது தனியாக நின்றால் பாடல் தேறும்.

இரண்டாவது, அவர்கள் பதிவுக்கூடத்துக்குப் போவதற்கு முன்னால் செய்த வேலை. செப்பலின் 1968 செப்டம்பரில், யார்ட்பேர்ட்ஸ் என்ற பழைய குழுவுக்காக ஒப்பந்தமான ஸ்காண்டிநேவிய மேடைகளில் அந்தப் பாடல்களை வாசித்துப் பழகிய பிறகுதான் லண்டனின் ஒலிம்பிக் ஸ்டுடியோவுக்குள் போனது. மொத்த ஆல்பத்துக்கும் ஏறக்குறைய 36 மணி நேரம்தான் பிடித்தது. சாபத் ஹாம்பர்க்கின் ஸ்டார் கிளப்பில் ஒரே நாளில் பல அமர்வுகள் வாசித்துத் தேறியது. வான் ஹேலன் குழு 1977-இல் முதல் ஆல்பத்தைப் பதிவுசெய்வதற்கு முன் பல ஆண்டுகள் லாஸ் ஏஞ்சலிஸ் வட்டாரத்துக் கிளப்புகளிலும் வீட்டுப் புழக்கடை விருந்துகளிலும் வாசித்தது. எந்த இடத்தில் சபை கைபேசியை எடுக்கிறது, எந்த இடத்தில் தலையை ஆட்டுகிறது என்பதை மேடையில்தான் பார்க்க முடியும். உங்கள் எட்டுப் பாடல்களில் எத்தனை பாடல்கள், உங்களைத் தெரியாதவர்கள் முன்னால் வாசிக்கப்பட்டிருக்கின்றன? அந்த எண்ணிக்கை குறைவாக இருந்தால் பதிவைச் சில மாதங்கள் தள்ளிவையுங்கள். நண்பர்கள் சொல்லும் ‘கேட்ட மாதிரி’ பாதியும் அங்கேயே உதிர்ந்துவிடும்; ஏனென்றால், முன்பின் தெரியாத சபைக்கு உங்களுடைய இஷ்ட தெய்வங்கள் யார் என்பதைப் பற்றிக் கவலையில்லை.

கேள்வி: மிகக் குறைந்த நேரத்தில் பதிவான புகழ்பெற்ற ஹெவி ராக் முதல் ஆல்பம் எது?
– ஒரு வாசகர், ராமமூர்த்தி நகர்

பதில்: பிளாக் சாபத்தினுடையதுதான். 1969 அக்டோபரில், லண்டனில், ஏறத்தாழ 12 மணி நேரத்தில் வாசிப்பு முடிந்துவிட்டது. மழையும் மணியோசையும் பின்னால் சேர்க்கப்பட்டவை.

கேள்வி: நான் கர்நாடக சங்கீதம் சொல்லிக்கொடுக்கிறவள். என்னிடம் பாட்டு கற்கும் ஒரு பையன் ஹெவி ராக் குழுவில் கிட்டார் வாசிக்கிறான். “நாங்க பெரும்பாலும் ச-வும் ப-வும்தான் வாசிக்கிறோம் மிஸ்” என்கிறான். அந்த இரைச்சலுக்குள் சுருதி என்று ஒன்று உண்டா? அதில் ஏன் எப்போதும் ஒருவித அபசகுனம் தொனிக்கிறது?
– ஒரு வாசகி, மல்லேஸ்வரம்

பதில்: உங்கள் மாணவர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். ஹெவி ராக்கில் பவர் கார்ட் என்று வழங்குவது ஷட்ஜமும் பஞ்சமமும், பெரும்பாலும் மேல் ஷட்ஜமும் சேர்ந்த ஒலி. காந்தாரம் அதில் இருக்காது. இதற்குக் காரணம் ரசனை மட்டுமன்று. ஒலியின் கணக்கும் உண்டு.

ஆம்ப்ளிஃபையரால் தாங்க முடிந்ததைவிட அதிகமான ஒலியை அதற்குள் செலுத்தினால், அலையின் உச்சி மழுங்கடிக்கப்பட்டு, மூல ஒலியில் இல்லாத மேல் சுருதிகள் பல புதிதாகத் தோன்றுகின்றன. அந்தக் கரகரப்பைத்தான் டிஸ்டார்ஷன் என்கிறார்கள். 1964-இல் தி கிங்க்ஸ் குழுவின் டேவ் டேவிஸ், ஸ்பீக்கரின் காகிதக் கூம்பைப் பிளேடால் கிழித்தே அதைப் பெற்றார். இரண்டு ஸ்வரங்களை ஒன்றாக அந்தக் கரகரப்புக்குள் செலுத்தும்போது இன்னொன்றும் நடக்கிறது. அவற்றின் அதிர்வெண்களின் கூட்டலும் கழித்தலும் தனி ஒலிகளாகப் பிறக்கின்றன. ஷட்ஜம பஞ்சம விகிதம் இரண்டுக்கு மூன்று, கழித்தால் ஒன்று. அதாவது, வாசித்த ஷட்ஜத்துக்குச் சரியாக ஒரு ஸ்தாயி கீழே, யாருமே வாசிக்காத ஒரு மந்திர ஷட்ஜம் ஒலிக்கிறது. ஹெவி ராக்கின் ‘கனம்’ என்று சொல்லப்படுவதில் பெரும்பங்கு இந்த ஆளில்லாத ஸ்வரத்துக்கு உரியது. காந்தாரத்தைச் சேர்த்தால் இந்தக் கணக்கு குழம்புகிறது. கிட்டாரின் சம இடைவெளிச் சுருதி அமைப்பில் அந்தர காந்தாரம் இயற்கையான இடத்தைவிடச் சற்றே ஏறி நிற்பதால், பிறக்கும் உபரி ஒலிகள் ஒன்றோடொன்று மோதி அடியில் கலங்கலாகிவிடுகின்றன.

இதில் உங்களுக்கு வியப்பு இருக்கக் கூடாது. நீங்கள் தினமும் மீட்டும் தம்புராவில் இருப்பதும் பஞ்சமமும் ஷட்ஜங்களுமே. குதிரையின் மேல் தந்திக்கு அடியில் நீங்கள் நகர்த்தி வைக்கும் அந்த ஜீவா நூல் செய்வதும் தந்தியை மேட்டில் உரசவைத்து மேல் சுருதிகளைச் சிதறவைக்கும் வேலைதான். வழி வேறு, ஆனால் நூலை எடுத்துவிட்டால் தம்புரா எப்படி ஊமையாகிவிடுகிறதோ, அப்படித்தான் டிஸ்டார்ஷன் இல்லாத பவர் கார்டும். பையனிடம் ஒரு நாள் நூலைச் சரிசெய்யும் பொறுப்பைக் கொடுத்துப் பாருங்கள், உங்களைவிட நுட்பமாகச் செய்தாலும் செய்வான்.

அபசகுனத்துக்கு வருவோம். பிளாக் சாபத்தின் முதல் ஆல்பத்தில் குழுவின் பெயரையே தாங்கிய முதல் பாடலின் ரிஃப், ஷட்ஜம், மேல் ஷட்ஜம், பிறகு பிரதி மத்திமம் (இரண்டு ‘ம’க்களில் மேலே இருப்பது) என்று மூன்றே ஸ்வரங்களால் ஆனது. அந்தக் கடைசி ஸ்வரம் நடுங்கிக்கொண்டே நிற்கும். ஷட்ஜத்துக்கும் பிரதி மத்திமத்துக்கும் உள்ள இந்த இடைவெளியை மேற்கத்திய மரபில் சாத்தானின் இடைவெளி என்பார்கள். இடைக்காலத்தில் திருச்சபை இதைத் தடைசெய்திருந்தது என்ற கதை ராக் ரசிகர்களிடையே பரவலாக உண்டு. அதற்கு ஆதாரம் கிடையாது. நமக்கோ 72 மேளகர்த்தாக்களில், அதாவது தாய் ராகங்களில், பாதி, அதாவது 36, பிரதி மத்திம மேளங்கள். மங்கலகரமான கல்யாணியும் அவற்றில் ஒன்று. பிரதி மத்திமத்தில் பயம் இல்லை, அதைத் தொடர்ந்து பஞ்சமத்துக்குப் போகாமல் அங்கேயே நிறுத்திவைப்பதில்தான் பயம் இருக்கிறது. கல்யாணியில் ‘ம’வைப் பிடித்து, ‘ப’வைத் தொடாமல், மெதுவாக ஆட்டிக்கொண்டே இருந்து பாருங்கள். பக்கத்து வீட்டிலிருந்து விசாரிக்க வந்துவிடுவார்கள்.

கேள்வி: நான் கே.ஜி.எஃப்.பில் (கோலார் தங்க வயலில்) பிறந்து பெங்களூருவில் வேலை பார்ப்பவன். அப்பா தங்கச் சுரங்கத்தில் இருந்தவர். எங்கள் குழுவுக்கு நான்தான் பாடல் எழுதுகிறேன், இதுவரை ஆங்கிலத்தில். தமிழில் எழுதினால் ஹெவி ராக் ரிஃப்புக்கு உட்காராது என்கிறார்கள் குழுவினர். உண்மையா?
– ஒரு வாசகர், காக்ஸ் டவுன்

பதில்: உட்காரவைக்கத் தெரியவில்லை என்பதே உண்மை. ஆங்கிலத்தில் ஒரு சொல்லின் எந்த அசையில் அழுத்தம் விழும் என்பது நிர்ணயமானது. பாடகர் அந்த அழுத்தத்தைத் தாள அடியோடு பொருத்திவிடுகிறார். தமிழில் அந்த வேலையைக் குறிலும் நெடிலும் ஒற்றும் செய்கின்றன. ஆங்கில மெட்டைப் போட்டுவிட்டு, அழுத்தம் விழும் இடங்களில் குறில்களை வரிசையாக அடுக்கினால், பாடகர் ‘மனம்’ என்பதை ‘மானம்’ என்று நீட்டிப் பொருளையே மாற்றிவிடுவார். இதைக் கேட்டுவிட்டுத்தான் தமிழுக்கு ராக் ஒத்துவராது என்று தீர்ப்பெழுதுகிறார்கள்.

நான்கு அடி கொண்ட மெதுவான, கனமான ஒரு ரிஃப்பை மனத்தில் வைத்துக்கொண்டு, ‘கூண்டு தாழும் ஆழம் வரை’ என்று சொல்லிப் பாருங்கள். கூண், தா, ஆ என்று முதல் மூன்று அடியிலும் நெடில் தானாகவே வந்து விழுகிறது. நான்காம் அடியில் ‘வரை’ என்ற நிரையசை, டிரம்ஸ்காரர் அடுத்த சுற்றுக்குத் தாவ இடம் கொடுக்கிறது. யாப்பிலக்கணத்தில் சொல்வதானால் தேமா, தேமா, தேமா, மலர். அதே பாடல் நடுவில் வேகம் பிடிக்கும் இடத்துக்கு, ‘இருளினில் இறங்கிய மனிதரின் குரல்’ என்று கருவிளச் சீர்களாக மாற்றுங்கள். ஒரு நெடில்கூட இல்லாததால் நாக்கு ஓடுகிறது, அடிக்கு நான்கு எழுத்து வீதம் கிட்டாரின் விரைவான மீட்டலோடு இணைந்துகொள்கிறது. ‘க்க’, ‘ற்ற’, ‘ட்ட’ என்று வல்லினம் இரட்டிக்கும் சொற்கள், உள்ளங்கையால் தந்தியை அடக்கி வாசிக்கும்போது எழும் அந்த மொத்தென்ற ஒலிக்கு ஏற்றவை. பள்ளியில் மதிப்பெண்ணுக்காகப் படித்து மறந்த வாய்பாடு இங்கே கைகொடுக்கும்.

வேண்டுமென்றேதான் சுரங்கத்து வரிகளாகப் பார்த்து எழுதினேன். பிளாக் சாபத்தின் நால்வரும் பர்மிங்காமின் ஆஸ்டன் பகுதியில், தொழிற்சாலைகளுக்கு நடுவே வளர்ந்தவர்கள். அந்த ஊரின் இரும்புச் சத்தமும் புகையும்தான் தங்கள் இசைக்குள் வந்தன என்று பலமுறை சொல்லியிருக்கிறார்கள். உங்களுடைய ஊரோ, மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழத்தில் ஆட்கள் வேலை பார்த்த ஊர். பூமிக்கடியில் பாறை வெடித்தால் வீட்டில் பாத்திரம் அதிர்ந்த ஊர். ஷிஃப்டுக்குச் சங்கு ஊதிய ஊர். 2001 பிப்ரவரியில் சுரங்கம் மூடப்பட்ட பிறகு, ஆயிரக்கணக்கானோர் விடியற்காலையில் ரயிலேறி பெங்களூருவுக்கு வேலைக்கு வந்துபோகும் ஊர். இவ்வளவையும் கையில் வைத்துக்கொண்டு, பார்த்தேயிராத பனிக்காட்டையும் சூனியக்காரியையும் பற்றி ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டிருப்பானேன்? சென்னையில் 2018-இல் மேடையேறிய தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ், கானாவையும் பறையையும் கிட்டாரோடு சேர்த்துத் தங்கள் தெருவின் அரசியலைத் தங்கள் தெருவின் தமிழிலேயே பாடியது. அது ஹெவி ராக் அன்று, ஆனால் சொந்த இடத்தைப் பாடுவது எப்படி என்பதற்கு நல்ல பாடம். இதற்காகப் பாடலின் நடுவே ஒரு தவிலைக் கொண்டுவந்து செருக வேண்டும் என்று நினைத்துவிடாதீர்கள். கிட்டார், பேஸ், டிரம்ஸ், குரல் போதும். அப்பாவிடம் ஒரு மாலை உட்கார்ந்து, சுரங்கக் கூண்டில் இறங்கும்போது காதடைப்பது எப்படி இருந்தது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

கேள்வி: பெங்களூருவுக்கும் ராக்குக்கும் அப்படி என்ன பந்தம்?
– ஒரு வாசகர், பிரேசர் டவுன்

பதில்: உங்கள் கன்டோன்மென்ட் பகுதியிலேயே பாதி விடை இருக்கிறது. ராணுவ வாத்தியக் குழுக்களும், தேவாலயப் பாடகர் குழுக்களும், ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களின் வீட்டு கிட்டாரும், தமிழர்கள் நிறைந்த அந்தத் தெருக்களில் மேற்கத்திய இசையை அன்னியமில்லாததாக ஆக்கிவைத்திருந்தன. பிறகு கல்லூரி விழாக்கள், அவற்றுக்குப் பிறகு அரண்மனை மைதானம். அங்கே 2007 மார்ச் 17 அன்று அயர்ன் மெய்டனும், 2011 அக்டோபர் 30 அன்று மெட்டாலிக்காவும் வாசித்தபோது நாட்டின் எல்லா மூலைகளிலிருந்தும் ரயில்களில் வந்து இறங்கினார்கள். இந்த ஊரிலேயே முளைத்தவர்களில், 1998-இல் தொடங்கிய கிரிப்டாஸ், 1980-களின் ஹெவி மெட்டல் வழியை விடாமல் பிடித்துக்கொண்டு 2004-இல் முதல் ஆல்பத்தை வெளியிட்டு, பிறகு ஐரோப்பிய மேடைகள் வரை போனது. அகம் குழு 2012-இல் வெளியிட்ட முதல் ஆல்பம் வேறு வழி, கீர்த்தனையிலிருந்து புறப்பட்டு ராக்குக்கு வருவது. எனக்குக் கிரிப்டாஸின் பிடிவாதம் ஒரு படி கூடுதலாகப் பிடிக்கும்.

கேள்வி: முதல் ஆல்பமே குழுவின் முகமாகிவிடும் என்ற பயத்தில் எங்களுடைய பதிவு தள்ளிக்கொண்டே போகிறது.
– ஒரு வாசகி, ஜெயநகர்

பதில்: டீப் பர்ப்பிளின் முதல் ஆல்பம் 1968-இல் வந்தது. அதில் பாடியவர் வேறு, பேஸ் வாசித்தவர் வேறு, பெயர் வாங்கித் தந்தது ஒரு கவர் பாடல், அதாவது பிறர் பாடலின் மறுபதிவு. பாடகர் இயன் கில்லனும் பேஸ் கலைஞர் ரோஜர் குளோவரும் சேர்ந்தது 1969-இல். இன்று நாம் டீப் பர்ப்பிள் என்று நினைக்கும் அந்த ஒலி 1970-இல்தான் ஆல்பமாயிற்று. பதிவுசெய்யுங்கள்.

கேள்வி: ஸ்டுடியோவில் ஒவ்வொரு கருவியையும் தனித்தனியாக, வேகத்தைக் காட்டும் கிளிக் ஒலிக்கு வாசிக்கச் சொல்கிறார்கள். எங்களுக்கோ எல்லோரும் ஒன்றாக வாசித்துப் பதிய ஆசை. மேலும், ஆல்பம் எத்தனை நிமிடம் இருக்கலாம்?
– ஒரு வாசகர், இந்திரா நகர்

பதில்: தனித்தனியாகப் பதிவது ஸ்டுடியோக்காரருக்கு வசதி, பிழையை ஒட்டுப்போட முடியும், ஒரு கருவியின் ஒலி இன்னொன்றின் மைக்கில் கசியாது. ஆனால் நீங்கள் பின்பற்ற விரும்பும் இசை, நால்வரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து வாசித்ததால் வந்தது. நடுவழி ஒன்று உண்டு. டிரம்ஸ், பேஸ், முதன்மை கிட்டார் மூன்றையும் ஒரே நேரத்தில், கிட்டார் ஆம்பை மட்டும் வேறு அறையில் வைத்து, பதியச் சொல்லுங்கள். குரலும் தனி கிட்டார் வாசிப்பும் பிறகு சேரட்டும். கிளிக்கைப் பாடலின் வேகத்தை நிர்ணயிக்க முதல் எட்டு அடிக்கு மட்டும் ஒலிக்கவிட்டு நிறுத்திவிடலாம். பல்லவியில் சற்று முந்துவதும் ரிஃப் திரும்பும்போது சற்றுப் பின்வாங்குவதும் உயிருள்ள குழுவின் இயல்பு.

மைக்குகளின் எண்ணிக்கையைப் பற்றியும் அஞ்ச வேண்டாம். செப்பலினின் நான்காம் ஆல்பத்தின் கடைசிப் பாடலில், ஹெட்லி கிரேஞ்ச் என்ற பழைய மாளிகையின் முன்கூடத்தில் ஜான் போனமின் டிரம்ஸை வைத்து, மேலே மாடிப்படியிலிருந்து இரண்டே மைக்குகளைத் தொங்கவிட்டுப் பதிந்தார்கள். அந்த முழக்கம் படிக்கட்டு கொடுத்தது. பெங்களூருவின் பழைய பங்களாக்களில் இன்னும் சில அப்படிப்பட்ட கூடங்களோடு நிற்கின்றன; உறவினர் யாருக்காவது இருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை கேட்டுப் பார்க்கலாம்.

நீளத்தைப் பொறுத்தவரை, நாற்பது நிமிடத்துக்குள் முடித்துவிடுங்கள். பழைய ஆல்பங்கள் அந்த அளவில் இருந்ததற்குக் காரணம் இசைத்தட்டு. பக்கத்துக்கு இருபது நிமிடத்தைப் பெரிதும் தாண்டினால் வரிப்பள்ளங்களை நெருக்க வேண்டியிருக்கும். நெருக்கினால் ஒலியளவையும் கீழ்ச் சுருதி ஒலிகளையும் குறைக்க வேண்டியிருக்கும். இன்று அந்தக் கட்டாயம் இல்லைதான். ஆனாலும் வான் ஹேலனின் முதல் ஆல்பம் 35 நிமிடம், அதில் வெட்ட வேண்டிய ஒரு நொடியும் கிடையாது. உங்கள் எட்டுப் பாடல்களில் இரண்டு எப்படியும் பலவீனமாகத்தான் இருக்கும், அவை எவை என்பதும் உங்களுக்குத் தெரிந்தே இருக்கும்.

கேள்வி: பழைய ஆங்கில ஹெவி ராக் பாடலொன்றுக்குத் தமிழ் வரிகள் எழுதி எங்கள் ஆல்பத்தில் சேர்க்கலாமா? பெயர் போட்டு நன்றி சொன்னால் போதாதா?
– ஒரு வாசகர், சி.வி. ராமன் நகர்

பதில்: போதாது. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில், 2012 திருத்தத்தின் வழியாகக் கவர் பதிவுகளுக்கென்று 31சி என்ற பிரிவு இருக்கிறது. முதல் ஒலிப்பதிவு செய்யப்பட்ட ஆண்டு முடிந்து ஐந்து ஆண்டுகள் கழிந்த பிறகு, உரிமையாளருக்கு முன்னறிவிப்புக் கொடுத்து, குறைந்தது 50,000 பிரதிகளுக்கான ராயல்டியை முன்கூட்டியே செலுத்தினால் கவர் பதிவு செய்யலாம் என்கிறது அது. ஆனால் தொழில்நுட்பத் தேவைக்கு மீறிய மாற்றங்களை அது அனுமதிப்பதில்லை. தமிழ் வரிகள் எழுதுவது மாற்றம்தான். மூல வரிகளின் மொழிபெயர்ப்பாக இருந்தால் மொழிபெயர்ப்பு உரிமை என்ற தனிக் கேள்வியும் எழும். எனவே பாடலின் பதிப்பாளரிடம் எழுத்துமூலமான அனுமதி வேண்டும். முதல் ஆல்பத்துக்கு இவ்வளவு அலைச்சல் தேவையா என்று யோசியுங்கள். அந்தப் பாடலை மேடைக்கு வைத்துக்கொள்ளலாம், அங்கே உரிமம் பெறும் பொறுப்பைப் பொதுவாக நிகழ்ச்சி நடத்துபவர் ஏற்கிறார்.

இதைவிட அவசரமான ஒன்றை நீங்கள் கேட்கவில்லை. உங்கள் சொந்தப் பாடல்களில் யாருக்கு எவ்வளவு பங்கு என்பதை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டுக்கொண்டீர்களா? பிளாக் சாபத் தொடக்க காலப் பாடல்களை நால்வர் பெயரிலும் சமமாகவே போட்டது. ரிஃப் ஐயோமியுடையது, வரிகளில் பெரும்பாலானவை பேஸ் வாசித்த கீசர் பட்லருடையவை என்றாலும்கூட. நட்பு நன்றாக இருக்கும்போதே எழுதிவிடுவது நல்லது. இசையமைப்பாளரும் பாடலாசிரியரும், ராயல்டியை வசூலித்துத் தரும் ஐ.பி.ஆர்.எஸ். அமைப்பில் உறுப்பினராகி, பாடல்களைப் பதிவுசெய்துகொள்ளவும் வேண்டும்.

கேள்வி: என் மகன் வீட்டில் ஆம்ப்ளிஃபையரை அலறவிடுகிறான். கேட்டால், “சத்தமா வெச்சாத்தாம்மா அந்த டோன் வரும்” என்கிறான். பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வருகிறார். அவன் காதை நினைத்தாலும் எனக்குப் பயமாக இருக்கிறது.
– ஒரு வாசகி, சிவாஜி நகர்

பதில்: உங்கள் மகன் சொல்வதில் பாதி உண்மை, அம்மா. ஜிம் மார்ஷல் 1962-இல் லண்டனின் ஹன்வெல் பகுதியில் விற்கத் தொடங்கிய வால்வு (வெற்றிடக் குழாய்) ஆம்ப்களும், அவற்றின் வழியில் வந்தவையும், உச்ச அளவுக்கு அருகே போகும்போதுதான் அந்த இனிய கரகரப்பைத் தருகின்றன. நூறு வாட் ஆம்ப் வைத்துக்கொண்டு வீட்டில் அந்த ஒலியைத் தேடினால் தெருவே எழுந்துவிடும். ஆனால் ஒன்று முதல் ஐந்து வாட் வரையிலான சிறிய வால்வு ஆம்ப்களில் அதே ஒலி மிகக் குறைந்த சத்தத்தில் கிடைக்கும். வால்வு ஆம்பின் குணத்தைக் கணினிக் கணக்கால் போலி செய்து ஹெட்ஃபோனில் கேட்கவைக்கும் கருவிகளும் இப்போது நன்றாகவே இருக்கின்றன. ஆம்பைத் தரையிலிருந்து தூக்கி ஒரு நாற்காலியில் வைத்து அவன் முகத்தை நோக்கித் திருப்பிவைத்தால், அவனாகவே குறைத்துவிடுவான்; காலடியில் வைத்துக்கொண்டு தனக்குக் கேட்கவில்லை என்று ஏற்றிக்கொண்டே போவதுதான் வழக்கமாக நடப்பது.

பக்கத்து வீட்டுக்காரர் பக்கமும் நியாயம் இருக்கிறது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை 55 டெசிபல், இரவில் 45 டெசிபல்தான் வரம்பு.

காது விஷயத்தில் உங்கள் பயம் மிகையன்று. 85 டெசிபல் சத்தத்தில் எட்டு மணி நேரம் இருக்கலாம் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கணக்கு. ஒவ்வொரு மூன்று டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். அப்படிப் பார்த்தால் 100 டெசிபலில் கால் மணி நேரம்தான். சிறிய ஜாம் ரூமில் டிரம்ஸோடு வாசிக்கும்போது அந்த அளவைச் சாதாரணமாகத் தாண்டிவிடும். ஏ.சி./டி.சி. குழுவின் பாடகர் பிரையன் ஜான்சன் 2016-இல் செவித்திறன் பாதிப்பால் உலகச் சுற்றுப்பயணத்தைப் பாதியில் நிறுத்த நேர்ந்தது. தி ஹூ குழுவின் பீட் டவுன்ஷென்ட் தம் காதிரைச்சலைப் பற்றிப் பல ஆண்டுகளாக வெளிப்படையாகப் பேசிவருகிறார். இசைக் கலைஞர்களுக்கென்றே, எல்லா ஸ்வரங்களையும் ஒரே அளவில் குறைத்துத் தரும் காதடைப்பான்கள் விற்கின்றன, பஞ்சு பயன்படாது. வாசித்து முடித்த மறுநாளும் காதில் ‘ங்ங்’ என்ற ஒலி நிற்கவில்லை என்று அவன் சொன்னால், அன்றே ஒரு காது மூக்குத் தொண்டை மருத்துவரிடம் அழைத்துச் சென்று செவித்திறன் சோதனை செய்துவிடுங்கள்.